கால்சியம் ரத்தத்தை எப்படி உறைய வைக்குது? லேப்ல அடிக்கடி கேட்கிற கேள்விகளும் பதில்களும்

நான் லேப்ல கோயாகுலேஷன் டேபிள்ல, அதாவது ரத்தம் உறையறதை டெஸ்ட் பண்ற இடத்துல, ரொம்ப வருஷமா வேலை பாக்கறேன், கூடவே டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) பசங்களுக்கு கிளாஸும் எடுக்கறேன். நீல மூடி டியூப் கையில எடுத்தாலே யாராவது ஒருத்தர் கேப்பாங்க, "சார் கால்சியம்தான் ஃபேக்டர் 4னு படிச்சோம், ஆனா அது உள்ள என்னதான் பண்ணுது?" (ரத்தம் உறைய வேண்டிய பொருட்களுக்கு நம்பர் போட்டு ஃபேக்டர்னு கூப்பிடுவோம்.) புக்ல ஒரே வரியில "கால்சியம் தேவை"ன்னு போட்டு முடிச்சிடறாங்க, அந்த ஒரு வரிக்குள்ள இருக்கிற விஷயம் எவ்ளோ அழகுன்னு யாரும் சொல்றதில்ல. அதான் பசங்களும், ரத்தம் குடுக்க வர்றவங்களும், ரத்தம் உறையறதை தடுக்கற அசிட்ரோம் மாத்திரை சாப்பிடறவங்களும் கேட்டதை எல்லாம் சேர்த்து இங்க எழுதறேன்.

கால்சியம் மாத்திரை சாப்பிட்டா ரத்தம் சீக்கிரம் உறைஞ்சு அடைப்பு வந்துடுமா?

அந்த வழியில வராது. முதல்ல இந்த பயத்தை விட்டுடுங்க. ரத்தத்துல கால்சியம் அளவை பாராதைராய்டு சுரப்பி ரொம்ப கண்டிப்பா பாத்துக்குது, மொத்த கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 8.5ல இருந்து 10.5 மில்லிகிராம் வரைக்கும், அதுல பாதி போல ஆல்புமின் மாதிரி புரோட்டீன்லயும் மத்ததுலயும் ஒட்டிக்கிட்டிருக்கும், மீதி பாதி தனி அயனியா சுத்தும். உறையறதுக்கு வேலை செய்யறது அந்த தனி அயனி மட்டும்தான், அது லிட்டருக்கு 1.1ல இருந்து 1.3 மில்லிமோல். இந்த அளவே உறையற புரோட்டீன்களுக்கு தாராளமா போதும், இன்னும் கொஞ்சம் ஏத்தினாலும் கூடுதலா உறையப் போறதில்ல. சோத்துக்கு உப்பு வேணும், ஆனா உப்பு அதிகமா போட்டா சோறு அதிகமாகாது இல்லையா, அந்த மாதிரி.

கால்சியம் இல்லாம ரத்தம் உறையாதுன்னு முதல்ல யார் கண்டுபிடிச்சாங்க?

1890ல பிரான்ஸ்ல ஆர்த்துஸ், பாஜெஸ்னு ரெண்டு பேர். அப்பத்தான் பிடிச்ச ரத்தத்துல ஆக்சலேட் உப்பை போட்டாங்க, கால்சியத்தை அது இழுத்து தன்னோட சேர்த்துக்கிச்சு, ரத்தம் தண்ணியாவே நின்னுச்சு. அதுலயே திரும்ப கால்சியம் உப்பை போட்டதும் உறைஞ்சிடுச்சு. இன்னைக்கு நாங்க தினமும் பண்ற டெஸ்ட் அப்படியே இதுதான், எடுத்துட்டு திருப்பி குடுக்கறது. நம்ம வீட்ல ஆட்டு ரத்தம் வாங்கிட்டு வந்தா பாத்திரத்துலயே கட்டியா ஜெல்லி மாதிரி நிக்கும் பாருங்க, ஆக்சலேட் மாதிரியே கால்சியத்தை பிடிச்சு வெக்கிற சிட்ரேட் உப்பை அந்த பாத்திரத்துல போட்டு வாங்கியிருந்தா நிக்காது.

இதுல இருந்து, உறையாம தடுத்த ரத்தத்தை மனுஷனுக்கு ஏத்தறதுக்கு 24 வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் ரத்தம் ஏத்தணும்னா குடுக்கறவரும் வாங்கறவரும் பக்கத்து பக்கத்துல படுக்கணும், ரத்தம் நடுவுல உறைஞ்சிட்டா அவ்ளோதான். 1914ல பெல்ஜியத்துல ஆல்பர்ட் ஹஸ்டின், அதே வருஷம் அர்ஜென்டினால லூயிஸ் அகோதே, ரெண்டு பேரும் தனித்தனியா சிட்ரேட் போட்ட ரத்தத்தை மனுஷனுக்கு ஏத்தி காமிச்சாங்க, அடுத்த வருஷம் நியூயார்க்ல லூயிசோன் 0.2 சதவீதம் சிட்ரேட் போதும், ஆபத்தில்லன்னு அளவை சொன்னார். இன்னைக்கு நம்ம ஊர்ல 350 மில்லி ரத்தப் பைக்குள்ள 49 மில்லி சிபிடிஏ திரவம் இருக்கும், அதுல உறையாம தடுக்கறது இந்த சிட்ரேட்தான். கால்சியத்தோட கையை கட்டி வெச்சிட்டா 35 நாள் வரைக்கும் பை ஃப்ரிட்ஜ்ல உறையாம இருக்கும். நினைச்சு பாருங்க, எத்தனை பிரசவம், எத்தனை ஆக்ஸிடென்ட் கேஸ் இதுல பொழைச்சிருக்கு.

சரி, கால்சியம் எந்த புரோட்டீன்ல, எந்த இடத்துல ஒட்டுது?

இதுதான் உண்மையான கேள்வி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஃபேக்டர் 2 (ப்ரோத்ராம்பின்), 7, 9, 10, அப்புறம் உறையறதை கட்டுப்படுத்தற புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், இவங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி. எல்லாருக்கும் தலைப்பக்கம் ஒரு 45 அமினோ ஆசிட் நீளத்துக்கு ஒரு பகுதி இருக்கு, அதுக்கு பேர் க்ளா டொமைன். அங்க சாதாரண க்ளூட்டமிக் ஆசிட் இருக்க வேண்டிய இடத்துல 'காமா கார்பாக்ஸி க்ளூட்டமிக் ஆசிட்'னு ஒண்ணு இருக்கும், சுருக்கமா க்ளா. ப்ரோத்ராம்பின்ல இது 10 இடத்துல இருக்கு, ஃபேக்டர் 9ல 12, ஃபேக்டர் 10ல 11.

சாதாரண க்ளூட்டமிக் ஆசிட்டோட நுனியில ஒரு கார்பாக்சில் குரூப் இருக்கும், ஒரு நெகட்டிவ் சார்ஜ். க்ளாவுக்கு அதே இடத்துல ரெண்டு. ஒரே விரலால ஒரு கோலிக்குண்டை தூக்க முடியுமா? தள்ளத்தான் முடியும். ரெண்டு விரல் இருந்தா பிடிக்கலாம். நண்டோட கொடுக்கை மனசுல வெச்சுக்கோங்க, ரெண்டு தாடையும் சேர்ந்தாதான் பிடி. கால்சியம் அயனிக்கு ரெண்டு பாசிட்டிவ் சார்ஜ், அதை இந்த கொடுக்கு கவ்விக்குது. ஒரே கால்சியத்தை பல கொடுக்குங்க பல பக்கத்துல இருந்து கவ்வும், ஒரே கொடுக்கு பக்கத்துல இருக்கிற ரெண்டு கால்சியத்தையும் பிடிச்சிருக்கும், கடைசில க்ளா டொமைனுக்குள்ள ஏழு கால்சியம் போல ஒரு வரிசையா உக்காந்திருக்கும். 1992ல மாட்டு ப்ரோத்ராம்பினோட முன்பகுதியை கால்சியத்தோட படிகமாக்கி எக்ஸ்ரே எடுத்தப்போ ஏழு கால்சியம் இருந்ததை பாத்தாங்க.

பிடிச்சாச்சு, அப்புறம் என்ன ஆகுது? கால்சியம் பசை மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்ட வைக்குதா?

பசைன்னுதான் நானும் படிக்கும்போது நினைச்சிருந்தேன், புரோட்டீனுக்கு நெகட்டிவ், செல்லோட சவ்வுக்கும் நெகட்டிவ், நடுவுல பாசிட்டிவ் கால்சியம் பாலம் போடுதுன்னு. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா பெரிய வேலை வேற.

கால்சியம் இல்லாதப்போ க்ளா டொமைன் ஒரு ஒழுங்கில்லாம தளதளன்னு கிடக்கும், பத்து நெகட்டிவ் கொடுக்குங்க ஒண்ணை ஒண்ணு விரட்டிக்கிட்டே இருக்கும், அதனால அது எந்த உருவத்துலயும் நிக்க முடியாது. கால்சியம் உள்ள வந்ததும் அந்த கொடுக்குங்க எல்லாம் வெளிய நீட்டிக்கிட்டிருந்தது உள்பக்கமா திரும்பி கால்சியத்தை சுத்தி மடங்கிடும். புடவைக்கு மடிப்பு வெச்சு ஊக்கு குத்தற மாதிரி, ஊக்கு குத்தின அப்புறம்தான் மடிப்பு மடிப்பா நிக்கும். இப்படி கொடுக்குங்க உள்ள போனதும் அது வரைக்கும் உள்ள ஒளிஞ்சிருந்த ஒரு சின்ன வளையம் வெளிய தள்ளப்படும், அதுக்கு ஒமேகா லூப்னு பேரு. அந்த வளையத்துல எண்ணெய்ப்பசை உள்ள அமினோ ஆசிட்கள் மூணு இருக்கும், ஃபினைல்அலனின், லூசின் மாதிரி, தண்ணியே பிடிக்காதது. அதுங்க நேரா செல் சவ்வோட கொழுப்புக்குள்ள போய் குத்திக்கும். அது போக, அந்த கால்சியத்துல ஒண்ணு ரெண்டு சவ்வுல இருக்கிற பாஸ்ஃபேட் தலைகளையும் பிடிச்சிக்கும், அதுதான் நான் சொன்ன பாலம்.

அதாவது கால்சியம் புரோட்டீனுக்கு ஒரு உருவத்தை குடுக்குது, அந்த உருவம்தான் போய் ஒட்டுது. இது புரிஞ்சிட்டா மீதி எல்லா கேள்விக்கும் பதில் தானா வந்துடும்.

எந்த சவ்வுல போய் ஒட்டும்? எல்லா செல்லுக்கும் சவ்வு இருக்கே, அப்போ ரத்தக்குழாய் முழுக்க உறைஞ்சிட வேண்டியதுதானே?

ரொம்ப நல்ல கேள்வி, ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு கேட்டது. எல்லா சவ்வுலயும் ஒட்டாது. அதுக்கு பாஸ்படைடில்செரீன்னு ஒரு கொழுப்பு வெளிப்பக்கம் தெரியணும். நல்லா இருக்கிற செல்லுல அது உள்பக்கமாவே இருக்கும், செல் அதுக்குன்னு ஒரு பம்ப் வெச்சு சக்தி செலவு பண்ணி அதை உள்ளேயே வெச்சிருக்கு. சட்டையோட உள் தையல் மாதிரி, போட்டிருக்கும்போது வெளிய தெரியாது. அடிபட்டு ப்ளேட்லெட் (ரத்தத் தட்டணு) தூண்டப்பட்டா அதுக்குள்ள கால்சியம் ஏறும், அந்த கால்சியம் டிமெம் 16 எஃப்னு ஒரு புரோட்டீனை திறக்கும், அது உள் கொழுப்பையும் வெளி கொழுப்பையும் கலைச்சு விடும், சட்டையோட உள்பக்கம் வெளிய வந்துடும். இந்த வேலை நடக்காத ஒரு அபூர்வ நோய் இருக்கு, ஸ்காட் சிண்ட்ரோம், அவங்களுக்கு ப்ளேட்லெட் எண்ணிக்கை சரியா இருக்கும், ஃபேக்டர் எல்லாம் சரியா இருக்கும், ஆனா ரத்தம் நிக்காது.

ஆக ரெண்டு பக்கமும் கால்சியம்தான் நிக்குது. செல்லுக்குள்ள ஏறி மேடையை போடறதும் அதுதான், வெளிய புரோட்டீனை மடிச்சு மேடை மேல ஏத்தறதும் அதுதான். அடிபட்ட இடத்துல மட்டும் உறையறதுக்கு காரணம் இந்த மேடை அங்க மட்டும் இருக்கிறதுதான்.

சவ்வுல ஒட்டினாத்தான் என்ன, ரத்தத்துல மிதந்துக்கிட்டே வேலை செய்யக் கூடாதா?

செய்யலாம், ஆனா ரொம்ப ரொம்ப மெதுவா. ஃபேக்டர் 10ஏ (பேருக்கு பின்னாடி 'ஏ' வந்தா தூண்டப்பட்ட ஃபேக்டர்னு அர்த்தம்) தனியா ப்ரோத்ராம்பினை வெட்டறதோட, அதே 10ஏ ஃபேக்டர் 5ஏ, ப்ளேட்லெட் சவ்வு, கால்சியம் இவங்களோட சேர்ந்து வெட்டற வேகத்தை கம்பேர் பண்ணா கிட்டத்தட்ட 3 லட்சம் மடங்கு வித்தியாசம். ஒரு நிமிஷத்துல நடக்கற வேலைக்கு 3 லட்சம் நிமிஷம்னு வெச்சுக்கிட்டா அது 200 நாளுக்கு மேல. கையில வெட்டு பட்டு 200 நாள் காத்திருக்க முடியுமா? பெரிய ஊர்ல ரெண்டு பேர் தேடிக்கிட்டு சுத்தறதுக்கும், ஒரே டீக்கடை பெஞ்சுல பக்கத்துல உக்காந்திருக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். சவ்வு அந்த பெஞ்சு. அதுவும் இல்லாம பெஞ்சுல சரியான திசையில திரும்பி உக்காந்திருப்பாங்க, வெட்டற கத்தியும் வெட்டுப்படற இடமும் நேருக்கு நேரா வரும்.

இன்னொரு அழகான விஷயம். ப்ரோத்ராம்பின் வெட்டுப்பட்டு த்ராம்பின் ஆனதும் அதோட க்ளா டொமைன் கழண்டு போயிடும். த்ராம்பினுக்கு சவ்வுல பிடிப்பு கிடையாது, பெஞ்சை விட்டு எழுந்து போய் ரத்தத்துல கரைஞ்சிருக்கிற ஃபைப்ரினோஜனை, உறைஞ்ச ரத்தத்தை கட்டி வெக்கிற ஃபைப்ரின் நூலா மாத்தற வேலையை பாக்கும். அதனாலதான் த்ராம்பின் டைம் டெஸ்ட்டுக்கு கால்சியம் போட வேண்டியதில்ல, சிட்ரேட் பிளாஸ்மாவுல த்ராம்பினை ஊத்தினா அப்படியே உறையும். பசங்க இதை வைவால தப்பா சொல்லி மார்க் விடறாங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க.

கால்சியத்துக்கு பதிலா மெக்னீசியம் போட்டா நடக்குமா?

மெக்னீசியம் மட்டும்னா நடக்காது. அதுவும் ரெண்டு பாசிட்டிவ்தான், க்ளா கொடுக்குக்குள்ள சில இடத்துல போய் உக்காரவும் செய்யும், ஆனா சின்ன அயனி, மடிப்பு பாதியிலயே நின்னுடும், ஒமேகா லூப் வெளிய வராது. நிஜ ரத்தத்துல ரெண்டும் இருக்கிறதால ஏழு எட்டு இடத்துல சிலதை மெக்னீசியம் பிடிச்சிக்கும், நடுவுல இருக்கிற முக்கியமான இடங்களை கால்சியம் பிடிச்சிக்கும், அப்படி கலந்து இருக்கும்போது நல்லாவே வேலை செய்யுது.

வைட்டமின் கே இதுல எங்க வருது?

அந்த ரெண்டாவது விரலை வெச்சு விடறதே வைட்டமின் கேதான். லிவர் முதல்ல சாதாரண க்ளூட்டமிக் ஆசிட்டோடதான் புரோட்டீனை செய்யும். அப்புறம் ஒரு என்சைம், காமா க்ளூட்டமில் கார்பாக்சிலேஸ், ஒவ்வொண்ணா ஒரு கார்பன்டைஆக்சைடை அதுல சேர்த்து க்ளாவா மாத்தும். இந்த வேலைக்கு வைட்டமின் கே எரிபொருள் மாதிரி, ஒவ்வொரு தடவையும் அது எபாக்சைடுங்கற வேற வடிவமா மாறிடும், அதை திரும்ப பழைய நிலைக்கு கொண்டு வர இன்னொரு என்சைம், விகேஓஆர். நம்ம உடம்புல வைட்டமின் கே ரொம்ப கொஞ்சம்தான் சேமிப்புல இருக்கு, இந்த சுழற்சியாலதான் ஓடுது.

டென்மார்க்ல ஹென்ரிக் டாம் 1929ல கோழிக்குஞ்சுங்களுக்கு கொழுப்பு எடுத்த தீனி போட்டு வளர்த்தப்போ அதுங்களுக்கு ரத்தக்கசிவு வந்தது, அப்படித்தான் இந்த வைட்டமின் தெரிய வந்தது, உறைதலுக்கு அவங்க மொழியில இருக்கிற வார்த்தையோட முதல் எழுத்துதான் அந்த கே. 1943 நோபல் பரிசு டாமுக்கும் அமெரிக்கால எட்வர்ட் டாய்சிக்கும்.

ஆனா அது என்ன பண்ணுதுன்னு தெரிய இன்னும் 30 வருஷம் ஆச்சு, அதுக்கான காரணம் எனக்கு ரொம்ப பிடிக்கும். வைட்டமின் கே வேலையை தடுத்த மாட்டுல இருந்து ப்ரோத்ராம்பினை எடுத்து பாத்தாங்க, அமினோ ஆசிட் எண்ணிக்கை எல்லாம் நல்ல ப்ரோத்ராம்பின் மாதிரியே இருந்தது, ஆனா கால்சியம் மட்டும் ஒட்டல. எங்க வித்தியாசம்னு யாருக்கும் பிடிபடல. ஏன்னா அந்த காலத்துல அமினோ ஆசிட் எண்ணணும்னா புரோட்டீனை ஆசிட்ல போட்டு சூடு பண்ணி உடைப்பாங்க, அந்த சூட்டுல க்ளாவோட ரெண்டாவது கார்பாக்சில் கார்பன்டைஆக்சைடா பறந்துடும், மறுபடி சாதாரண க்ளூட்டமிக் ஆசிட்டா தெரியும். தேடற முறையே தேடற பொருளை அழிச்சிக்கிட்டு இருந்திருக்கு. 1974ல ஸ்வீடன்ல யோஹான் ஸ்டென்ஃப்ளோவும் அவர் கூட்டாளிங்களும் ஆசிட் இல்லாத வழியில போய் அதை பிடிச்சாங்க, அதே வருஷம் அமெரிக்கால நெல்செஸ்டுவன் குழுவும் டென்மார்க்ல மேக்னுசன் குழுவும் இதே முடிவுக்கு வந்தாங்க.

பிறந்த குழந்தைக்கு தொடையில வைட்டமின் கே ஊசி போடறாங்க இல்லையா, பொதுவா 1 மில்லிகிராம், அதுக்கும் இதே காரணம். தாய்ப்பால்ல வைட்டமின் கே கம்மி, நச்சுக்கொடி வழியாவும் அதிகம் வராது, குழந்தையோட ஃபேக்டர்கள் ஒத்தை விரலோட இருக்கும், கால்சியம் இருந்தும் பிடிக்க முடியாது, மூளையில கசிவு ஏற்பட்டா உயிருக்கே ஆபத்து. சில வீட்ல "பிறந்த புள்ளைக்கு ஊசி எதுக்கு"ன்னு தயங்கறாங்க, தயவு செஞ்சு தயங்காதீங்க.

வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை கால்சியத்தை குறைக்குதா?

கால்சியத்தை தொடவே தொடாது. விகேஓஆர் என்சைமை அடைச்சிடும், வைட்டமின் கே சுழற்சி நிக்கும், லிவர் செய்யற புது ஃபேக்டர்கள் கொடுக்கு இல்லாம வெளிய வரும். ரத்தத்துல கால்சியம் நார்மல், ஃபேக்டர் இருக்கு, ஆனா சவ்வுல உக்கார முடியாது.

இந்த மாத்திரை வந்த கதையை கேளுங்க. 1920கள்ல கனடாலயும் அமெரிக்க வடக்கு மாநிலங்கள்லயும் பூஞ்சை பிடிச்ச ஸ்வீட் க்ளோவர் வைக்கோலை தின்ன மாடுங்க கொம்பு சீவினா கூட ரத்தம் நிக்காம செத்துச்சு. 1933 பிப்ரவரில ஒரு விவசாயி பனிப்புயலுக்கு நடுவுல, அப்படி செத்த கன்னு ஒண்ணையும் உறையாத ரத்தம் நிறைஞ்ச பால் கேனையும் வண்டில ஏத்திக்கிட்டு விஸ்கான்சின் யுனிவர்சிட்டில கார்ல் பால் லிங்க்கோட லேப் வாசல்ல வந்து நின்னார். அந்த கேன்ல இருந்து ஆரம்பிச்ச தேடல்ல டைகூமரால் கிடைச்சுது, அப்புறம் வார்ஃபரின், 1948ல எலி மருந்தா விற்பனைக்கு வந்து 1954ல மனுஷங்களுக்கு மருந்தா அனுமதி கிடைச்சுது.

மாத்திரை ஆரம்பிச்ச அன்னைக்கே ஏன் வேலை செய்யல?

ஏற்கனவே நல்ல கொடுக்கோட சுத்திக்கிட்டிருக்கிற ஃபேக்டர்களை மாத்திரை ஒண்ணும் பண்ணாது, அதுங்க தானா தீரணும். ஃபேக்டர் 7 ஆறு மணி நேரத்துல பாதியாயிடும், ப்ரோத்ராம்பின் பாதியாக சுமார் 60 மணி நேரம் ஆகும். அதனால ஐஎன்ஆர் (மாத்திரை எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட் அளவு) ரெண்டு நாள்ல ஏறி தெரிஞ்சாலும் முழு பாதுகாப்பு வர அஞ்சு நாள் போல ஆகும். இதுல ஒரு ஆபத்தும் இருக்கு, உறையறதை தடுக்கற புரோட்டீன் சியும் க்ளா குடும்பம்தான்னு சொன்னேன், அது எட்டு மணி நேரத்துல பாதியாயிடும், ஆக முதல் சில நாள் பிரேக் முதல்ல போயிடும், ஆக்சிலரேட்டர் இன்னும் இருக்கும். அதனாலதான் ரத்தக்கட்டி இருக்கிறவங்களுக்கு டாக்டர் உடனே உறைதலை தடுக்கற ஹெப்பாரின் ஊசியையும் கூடவே போடறாங்க, "மாத்திரையும் ஊசியும் எதுக்கு ரெண்டும்"னு நீங்களா நிறுத்திடாதீங்க.

கீரை பத்தி ஒரு வார்த்தை, முருங்கைக்கீரை, பாலக்கு எல்லாத்துலயும் வைட்டமின் கே நிறைய. சாப்பிடவே கூடாதுன்னு இல்ல, வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடுங்க, ஒரு வாரம் தினமும் பொரியல், அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னா ஐஎன்ஆர் ஆடும். புதுசா வர்ற அபிக்சபான், ரிவராக்சபான் மாதிரி மருந்துங்க நேரா 10ஏவோட கத்தியையே அடைக்குது, க்ளா பக்கமே போறதில்ல, அதனால அதுக்கு கீரை பிரச்சனை இல்ல.

க்ளா இல்லாத ஃபேக்டர்களுக்கு கால்சியம் தேவையா?

தேவை, ஆனா வேற வேற விதமா. ஃபேக்டர் 8 ரெண்டு துண்டா இருக்கிற புரோட்டீன், ஃபேக்டர் 5 தூண்டப்பட்டு 5ஏ ஆனதும் ரெண்டு துண்டாகும், அந்த துண்டுங்களை சேர்த்து வெக்கிறதுல கால்சியத்துக்கு பங்கு இருக்கு, கால்சியத்தை ஈடிடிஏங்கற ரசாயனம் போட்டு இழுத்துட்டா துண்டு துண்டா பிரிஞ்சிடும். ஃபைப்ரினோஜன்லயும் கால்சியத்துக்கு இடம் இருக்கு, நூல்கள் பக்கவாட்டுல சேர்ந்து தடிமனாக உதவுது. ஃபேக்டர் 13 அந்த நூல்களை குறுக்க தைக்கற தையல்காரர், அவர் மேல ஒரு உறை மாதிரி பி சங்கிலி மூடியிருக்கும், த்ராம்பின் வெட்டின அப்புறம் கால்சியம்தான் அந்த உறையை விலக்கும். ஃபேக்டர் 12, 11னு ஆரம்பிக்கிற காண்டாக்ட் கட்டத்துக்கு, அதாவது கண்ணாடி மாதிரி ஒரு பரப்புல பட்டு உறைதல் ஆரம்பிக்கிற கட்டத்துக்கு, கால்சியம் வேண்டாம். ஏபிடிடி (பிளாஸ்மா உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கற ஒரு டெஸ்ட்) பண்ணும்போது முதல்ல பிளாஸ்மாவையும் ரீஏஜென்ட்டையும் சில நிமிஷம் சூட்ல வெச்சிட்டு அப்புறம்தான் கால்சியம் குளோரைடு ஊத்தி ஸ்டாப்வாட்ச் அழுத்தறோம் இல்ல, அது வரைக்கும் நடந்தது கால்சியம் இல்லாத கட்டம், ஊத்தின அப்புறம் நடக்கறது கால்சியம் கட்டம்.

உடம்புல கால்சியம் குறைஞ்சா ரத்தம் நிக்காம போயிடுமா?

சாதாரண கால்சியம் குறைபாட்டுல போகாது. டயாலிசிஸ் மெஷின்ல ரத்தம் உறையாம இருக்க சில ஐசியூல சிட்ரேட் விடுவாங்க, அங்க ட்யூப்புக்குள்ள தனி கால்சியத்தை 0.4 மில்லிமோலுக்கு கீழ இறக்கினாத்தான் உறையாம ஓடும், உடம்புக்கு திரும்பறதுக்கு முன்னாடி கால்சியத்தை திரும்ப குடுத்துடுவாங்க. மனுஷன் உடம்புக்குள்ளயே அந்த அளவுக்கு இறங்கினா ரத்தம் உறையலங்கிற கவலைக்கு முன்னாடியே இதயத் துடிப்பு கெட்டுடும், கை கால் இழுத்துக்கும்.

ஆனா ஒரு இடத்துல ரொம்ப கவனமா இருக்கணும், பிரசவத்துல ரத்தப்போக்கோ ஆக்ஸிடென்ட்டோ ஆகி கடகடன்னு பத்து பை ஏத்தும்போது. ஒவ்வொரு பையோடயும் சிட்ரேட் உள்ள போகுது, லிவர் அதை உடைச்சிடும், ஆனா ஷாக்ல இருக்கிற லிவர் மெதுவாத்தான் உடைக்கும், சிட்ரேட் நோயாளியோட கால்சியத்தை பிடிச்சிக்கும், இதயமும் தளரும், ரத்தமும் சரியா உறையாது. அதனாலதான் கூடவே கால்சியம் ஊசி போடறாங்க, தனி கால்சியத்தை திரும்ப திரும்ப பாக்கறாங்க. ப்ளேட்லெட் தானம் மெஷின்ல குடுத்தவங்களுக்கு உதடு, விரல் நுனியெல்லாம் குறுகுறுன்னு மரத்த மாதிரி இருக்கும், அதுவும் சிட்ரேட்தான், உடனே பக்கத்துல இருக்கிற ஸ்டாஃப்கிட்ட சொல்லுங்க, வேகத்தை குறைச்சு கால்சியம் மாத்திரை குடுப்பாங்க, சரியாயிடும்.

நீல மூடி டியூப்ல ரத்தம் கொஞ்சம் கம்மியானா ஏன் திருப்பி அனுப்பறீங்க? ஊதா டியூப்ல எடுத்தா என்ன?

வார்டுல இருந்து இதுக்காக எங்க மேல கோவப்படறவங்க நிறைய. நீல டியூப்ல 3.2 சதவீத சோடியம் சிட்ரேட், ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம், டியூப் மேல போட்டிருக்கிற கோடு அதுக்குத்தான். ரத்தம் பாதிதான் இருந்தா சிட்ரேட் மிச்சம் நிக்கும், நாங்க டெஸ்ட்ல ஊத்தற கால்சியத்தையும் அந்த மிச்சம் பிடிச்சிக்கும், ப்ரோத்ராம்பின் டைம் (PT), ஏபிடிடி ரெண்டு டெஸ்ட்லயும் உறையற நேரம் பொய்யா நீண்டு வரும். அந்த பொய்யை நம்பி யாராவது மாத்திரையை குறைச்சிட்டா? அதனாலதான் திருப்பி அனுப்பறோம், மறுபடி ஒரு தடவை குத்தறது வலிதான், மன்னிச்சுக்கோங்க.

ஊதா டியூப் ஈடிடிஏ. அது கால்சியத்தை சிட்ரேட்டை விட பல மடங்கு இறுக்கமா பிடிக்கும், ஃபேக்டர் 5, 8 நிலைக்காம போகும், அதனால உறைதல் டெஸ்ட்டுக்கு ஆகாது. அதே மாதிரி ஊதா டியூப்ல எடுத்த ரத்தத்தை கால்சியம், பொட்டாசியம் பாக்கற மஞ்சள் டியூப்ல ஊத்தி அட்ஜஸ்ட் பண்ணவே கூடாது. ஒரு நாள் ஒரு ரிப்போர்ட்ல கால்சியம் ரொம்ப கம்மி, பொட்டாசியம் ரொம்ப அதிகம்னு வந்துச்சு, நோயாளி உக்காந்து காபி குடிச்சிட்டிருக்கார். டியூப் மாத்தி ஊத்தியிருந்தாங்க, டியூப்ல இருந்தது பொட்டாசியம் ஈடிடிஏ.

பாம்பு கடிச்சா ரத்தம் உறையாம போறதுக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் நம்ம ஊர் பாம்புல. கண்ணாடி விரியன் விஷத்துல ஃபேக்டர் 10ஐ நேரா வெட்டி தூண்டற ஒரு என்சைம் இருக்கு. அது ஃபேக்டர் 10ஐ அடையாளம் கண்டுபிடிக்கறதே கால்சியம் பிடிச்சு மடங்கி நிக்கிற க்ளா டொமைனை பாத்துதான், கால்சியம் இல்லன்னா விஷத்துக்கு பிடி கிடைக்காது. சுருட்டை விரியன் விஷத்துல இருக்கிற எகாரின்ங்கற என்சைம் வேற மாதிரி, அது ப்ரோத்ராம்பினை வெட்டும், அதுக்கு கால்சியமும் வேண்டாம், க்ளாவும் வேண்டாம், வார்ஃபரின் சாப்பிடறவரோட கொடுக்கு இல்லாத ப்ரோத்ராம்பினை கூட வெட்டிடும். ரெண்டுலயும் முடிவு ஒண்ணுதான், உடம்பு முழுக்க கண்டபடி உறைதல் தூண்டப்பட்டு ஃபைப்ரினோஜன் எல்லாம் தீந்து போய், கடைசில ரத்தம் தண்ணி மாதிரி ஓடும். இதுக்கு கால்சியமோ வைட்டமின் கேயோ போட்டு பிரயோஜனமில்ல, விஷமுறிவு மருந்துதான் மருந்து. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலில இருளர் கூட்டுறவு சங்கத்துக்காரங்க பாம்பு பிடிச்சு எடுத்து குடுக்கறாங்க, அவங்க கைக்கு நாம எல்லாரும் கடன்பட்டவங்க.

அந்த கண்ணாடி விரியன் (ரஸல் வைப்பர்) விஷத்தை 1934ல இங்கிலாந்துல டாக்டர் மேக்ஃபர்லேன் நீர்த்து ஹீமோஃபீலியா நோயாளிங்களோட ரத்தப்போக்கை நிறுத்த மேல தடவி பாத்திருக்கார், இன்னைக்கும் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் (உறைதல் டெஸ்ட்டை நீட்டிக் காட்டற ஒரு வகை ஆன்டிபாடி) பாக்க நீர்த்த ரஸல் வைப்பர் விஷத்தை கால்சியத்தோட சேர்த்துத்தான் ரீஏஜென்ட்டா ஊத்தறோம்.

பாம்பு கடிபட்டவர் வந்தா ரத்தம் உறையுதான்னு பாக்க பண்ற 20 நிமிஷ டெஸ்ட்டுக்கு சுத்தமான, காஞ்ச கண்ணாடி டியூப்தான் வேணும், சோப்பு போட்டு கழுவினதோ பிளாஸ்டிக்கோ ஆகாது, கண்ணாடி மேல பட்டாத்தான் காண்டாக்ட் கட்டம் ஆரம்பிக்கும். சிட்ரேட், ஈடிடிஏ எதுவும் இல்லாத டியூப்பா இருக்கணும், ஏன்னு இப்போ உங்களுக்கே தெரியும். ரெண்டு மில்லி ரத்தம் விட்டு 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம வெச்சிட்டு ஒரே ஒரு தடவை சாய்ச்சு பாருங்க, உறையாம வழிஞ்சா உடனே டாக்டருக்கு சொல்லுங்க.